வேஷப் பெட்டிக்கு மணிப் பூட்டு

ஒச்சப்பன் அண்ணனைப் படம் எடுப்பதுபோல் ஒரு தண்டனை என் தொழிலில் வேறு இல்லை. கேமராவைத் தூக்கினாலே, மரம் சீவும் தன் இழைப்புளியை யாரோ இரவல் கேட்டுவிட்ட மாதிரி முறைப்பார். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு உட்கார்ந்தவரிடம், "செத்த சிரிங்கண்ணே" என்று ஒருமுறை கெஞ்சினேன். "எதுக்கு பாய்? இப்ப என்ன நல்லது நடந்துபோச்சு?" என்று கேட்டார். படத்தில் மீசைதான் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு முகம் இருந்ததாக நாமே நினைத்துக்கொள்ள வேண்டும்.

திண்டுக்கல் பேகம்பூரில் என் ஸ்டுடியோவுக்கும் அவருடைய மரப் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அந்தப் பக்கம் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால், இந்தப் பக்கம் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாண ஜோடிகள் எல்லாம் ஆடும். வாசல் நிலையும் கதவும்தான் அவர் வேலை. சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடி வந்து, வேண்டிய மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு, நல்ல நிலை வாங்கிப் போவார்கள். திட்டுக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம், மரத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். "கைய எடு!" என்று ஒரு சத்தம் வரும். உளி கிடக்கிற இடத்தில் விரல் போய்விடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் அது அக்கறை என்று விளங்குவதற்குள் கேட்டவனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

அந்த மீசைக்கும் சத்தத்துக்கும் ஊரே பயப்படுகிறது என்பதில் அண்ணனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டவள் ஜீவிதா. அவருடைய மகள் சுகன்யா பெற்ற பிள்ளை, நாலு வயது. கொடைரோடு பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் சுகன்யாவைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். தொட்டிலுக்குள் அவர் முதன்முதலாகக் குனிந்து பார்த்தபோது வீறிட்ட பிள்ளை, அப்புறம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வீறிட்டது. பேச்சு வந்த பிறகு வீறிடுவதை விட்டுவிட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வருவார்.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்குள் வந்து, கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு விரலால் மீசையை மறைத்துப் பார்த்தார்.

"பாய், இத எடுத்துப்புட்டா புள்ள எங்கிட்ட வருமா?"

வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லியே சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் அதற்கும் தயாராகத்தான் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பொறுங்கண்ணே. எடுத்துட்டீங்கன்னா அப்புறம் யாருன்னே தெரியாமப் போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம்தான் என் மனைவி ஷாஹினா வேஷப் பெட்டிப் பேச்சை எடுத்தாள். கொடைரோட்டில் ஜீவிதா படிக்கும் அதே நர்சரிப் பள்ளியில் அவள் டீச்சர். பிள்ளைகள் போட்டு விளையாடுவதற்கென்று புலி, மயில், தக்காளி, முருங்கைக்காய், போலீஸ், பிரியாணி மாஸ்டர் என்று பல வேஷ உடுப்புகளைத் தைத்துச் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் அரிசிச் சாக்கில் கிடந்தன. புலியின் வாலை எலி தின்றுவிட்டது. மரப் பெட்டி ஒன்று செய்து தரச் சொல்லி அண்ணனிடம் கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன்.

"டப்பா வேலையெல்லாம் நான் பாக்குறதில்ல, டீச்சரம்மா" என்றார்.

"எல்கேஜி பிள்ளைகளுக்குண்ணே. ஜீவிதா வகுப்புக்குத்தான்."

அண்ணன் காதில் இருந்த பென்சில் தானாகக் கைக்கு வந்தது. "என்னா நீளம் வேணும்?"

"நாலடி போதும்ணே."

"நாலடிக்கு மனையடி சாஸ்திரத்துல பலனே கெடையாதும்மா. ஆறுல இருந்துதான் பலன் ஆரம்பிக்குது."

"புலி வேஷம் என்ன குடும்பம் நடத்தவா போகுது? அது வீடில்லண்ணே, பெட்டி."

"மூடி இருக்குல்ல? மூடின்னா என்னா? படுத்துக் கெடக்குற கதவு. கதவுன்னு வந்துட்டா கணக்கு கணக்குதான்."

ஆறடிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு வந்தோம். நல்ல நாள் பார்த்து, சட்டத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துத்தான் வேலையைத் தொடங்கினார். வீட்டுக்காரர் நின்றாக வேண்டும் என்று ஷாஹினாவை வரவழைத்து நிறுத்தினார். புலிக்கும் தக்காளிக்கும் வீட்டுக்காரியாக அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே ஒளிந்து விளையாடும் பிள்ளைக்குக் காற்று வேண்டும், பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள் என்று அவள் சொன்னபோது மட்டும் அண்ணன் முகம் சுருங்கியது. தேக்கில் ஓட்டை போட்டால் செல்லரித்த மரம் என்று நினைப்பார்களே என்று புலம்பிக்கொண்டே போட்டார். மூடி விரலில் விழாமல் இருக்கச் சங்கிலியும் வைத்தார்.

பெட்டி முடிகிற நேரத்தில் பட்டறை வாசலில் கிடந்தது. ஆறடி நீளம், பளபளவென்று தேக்கு. எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் மரியசெல்வி அக்கா வந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "யாருக்கு ஒச்சப்பா? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தாக?" என்று கண்ணைத் துடைத்தார். தக்காளிக்கு என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

அதற்கப்புறம்தான் பூட்டு வந்தது. பூட்டே வேண்டாம் என்று ஷாஹினா முதல் நாளே சொல்லியிருந்தாள். பிள்ளைகளே திறந்து, பிள்ளைகளே எடுத்துப் போட்டு, பிள்ளைகளே மூட வேண்டும், அதற்குத்தான் பெட்டி என்பது அவள் கட்சி.

"ஏம்மா, திண்டுக்கல்ல செஞ்ச பொட்டி பூட்டில்லாம வெளியூருக்குப் போனா, பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?" என்றார் அண்ணன்.

"கொடைரோடு வெளியூராண்ணே?"

அவர் காதில் வாங்கவில்லை. அவருடைய மச்சினருக்குப் பூட்டுப் பட்டறை இருக்கிறது. அவரிடம் சொல்லி மணிப் பூட்டு ஒன்று செய்து வாங்கிப் பதித்துவிட்டார். சாவியைத் திருகினால் பூட்டுக்குள் இருக்கும் மணி 'டிங்' என்று அடிக்கும். திருடன் கை வைத்தால் வீட்டுக்காரன் விழித்துக்கொள்வதற்காக நகைப் பெட்டிக்குப் போடுகிற பூட்டு அது. எலி தின்ற புலி வாலைத் திருட எந்தத் திருடன் வருவான் என்று நான் கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கடைசியில் ஷாஹினா இறங்கி வந்தாள். பூட்டு இருக்கட்டும், ஆனால் சாவி பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும் என்றாள்.

"ஆணியில தொங்குனா அது சாவியாம்மா? சாவின்னா இங்க இருக்கணும்" என்று அண்ணன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் பட்டறைச் சாவி தொங்கியது. குளிக்கும்போதும் அதை அவிழ்ப்பதில்லை.

பெட்டியைச் சின்ன யானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அது வகுப்பறை வாசலில் நுழையவில்லை. அந்த வாசலைச் செய்தவனை அண்ணன் பெயர் தெரியாமலேயே திட்டிவிட்டு, வராந்தாவில் பெட்டியை வைத்து மிச்ச வேலையை அங்கேயே பார்த்தார். நாலைந்து நாள் போய் வந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, நிமிஷத்துக்கு ஒரு "கைய எடு!" கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

"ஜீவிதா வந்தாளாண்ணே?" என்று கேட்டேன்.

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு பாய். ஃப்ரிட்ஜுக்கு ஜன்னல் தேவல. பாதி மூஞ்சி தெரியுது" என்றார். அந்தப் பாதி மூஞ்சிக்கே அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பள்ளியின் மாறுவேடப் போட்டி அன்று படம் எடுக்க நான் போயிருந்தேன். அண்ணனும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பை மட்டும் அதே பழைய உளிப் பைதான். வராந்தாவில் ஷாஹினா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் சாயங்காலம் எல்லா வேஷங்களையும் தேய்த்து மடித்துப் பெட்டிக்குள் அடுக்கி, எலிக்குப் பயந்து பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் ஆணி இருக்கிறது, சாவி இல்லை. புலியாகப் போகிறவனும் தக்காளியாகப் போகிறவளும் உள்பனியனோடு வரிசையில் நின்று அழத் தொடங்கியிருந்தார்கள். பெற்றவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளித் தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். இந்த வேஷக் கூத்தெல்லாம் எதற்கு என்று முதலிலேயே கேட்டவர் அவர்.

"இன்னொரு சாவி இருக்குமேண்ணே?" என்றேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இருக்கு பாய். தொலஞ்சிரக் கூடாதுன்னு பத்திரமா வச்சேன்."

"எங்க?"

"பொட்டிக்குள்ள."

அண்ணன் மச்சினருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "சாவி இல்லாமத் தெறக்குற பூட்டச் செய்யவா மாமா நான் பட்டறை வச்சிருக்கேன்?" என்று அவர் மகிழ்ச்சியாகக் கேட்டார்.

கீலைக் கழற்றலாம் என்றால், திருடன் கழற்றக் கூடாதென்று ஆணியை உள்பக்கமாக மடக்கி அடித்திருந்தார். இனி ஒரே வழி, பலகையை உடைப்பது. அண்ணன் பையிலிருந்து சுத்தியலையும் பெரிய உளியையும் எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் மண்டி போட்டார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு, மீசையையும் சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்துப் பின்வாங்கின.

அண்ணன் கை ஓங்கியபடி நின்றுவிட்டது. "பாய்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "பொட்டி போனாப் போகுது. அந்தப் புள்ள பாக்குற எடத்துல இத அடிச்சு ஒடச்சேன்னா அம்புட்டுதான். ஆயுசுக்கும் ஃப்ரிட்ஜுதான்."

அவர் குரலைக் கேட்க எனக்கே சங்கடமாகிவிட்டது. ஷாஹினா சமாளிப்பதற்காக மைக்கைப் பிடித்து, வீட்டிலிருந்தே வேஷம் போட்டு வந்த பிள்ளைகள் முதலில் வரட்டும் என்று அறிவித்தாள். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு சுகன்யா ஒரு பிள்ளையை மேடைக்கு ஏற்றிவிட்டாள்.

மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு, காதில் பென்சில். கன்னம் முழுவதும் கண்மையால் வரைந்து காது வரை போன மீசை. தாளாளர் ஆசையாக அதன் தலையைத் தொடப் போனார்.

"கைய எடு!"

மனிதர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கூட்டம் சிரித்த சிரிப்பில் நாற்காலிகள் ஆடின.

"நீங்க யாரு?" என்று ஷாஹினா மைக்கை நீட்டினாள்.

"ஒச்சப்பன்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கதவு செய்வேன். திட்டுவேன்."

சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள் ஜீவிதா. அரைஞாண் கயிற்றில் மணிப் பூட்டின் சாவி தொங்கியது. ஒச்சப்பன் என்றால் இடுப்பில் சாவி இருக்க வேண்டும். காலையில் ஷாஹினா வந்து பார்ப்பதற்குள் ஆணியிலிருந்து எடுத்து, தானே முடிந்துகொண்டிருக்கிறாள். ஷாஹினா கேட்டது போலவே ஆணி கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது.

"சாவியைக் குடுடா செல்லம்" என்று ஷாஹினா குனிந்தாள். சுகன்யா ஓடி வந்து கேட்டாள். இரண்டு பேருக்கும் "கைய எடு!" கிடைத்தது. ஜீவிதா மேடையை விட்டு இறங்கி, நேராகப் பெட்டியிடம் நடந்து வந்தாள். எதிரில் சுத்தியலோடு மண்டி போட்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கைய எடு!"

ஊரையே மிரட்டிய ஒச்சப்பன் சுத்தியலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்தார்.

ஜீவிதா சாவியை அவிழ்த்துப் பூட்டில் போட்டுத் திருகினாள். நகைப் பெட்டிக்கான பூட்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருகினாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தோம்.

"தாத்தா, நீ திருகு."

அண்ணன் என்னைப் பார்த்தார். கூப்பிட்டது தன்னைத்தானா என்று என்னிடம் கேட்பதுபோல் இருந்தது. "உங்களத்தாண்ணே" என்றேன். அந்தச் சின்னக் கையின் மேல் தன் கையை வைத்துத் திருகினார். மணி 'டிங்' என்றது. உள்பனியன் படை கூச்சலோடு பெட்டிக்குள் பாய்ந்தது.

ஜீவிதா நகரவில்லை. வியர்வையில் அவளுடைய மீசை ஒரு பக்கம் கரைந்து வாய்க்கு வந்திருந்தது. அவர் மீசையில் விரலை வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்னோடது அழியாதா?"

"அழியாது அப்பு" என்றார் ஒச்சப்பன் அண்ணன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எடுத்துவிட்டேன். ஸ்டுடியோ வாசலில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் அந்தப் படம்தான் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் பயம் விட்டுப்போய் மரத்தைத் தொடுகிறார்களாம், எடுத்துவிடு என்று என்னோடு தினமும் சண்டை போடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவது நிற்கவில்லை. ஆனால் இப்போது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிவது அவர், தேடிப் பிடிப்பது அவள். ஒவ்வொரு தடவையும் மீசை வெளியே தெரிந்து மாட்டிக்கொள்கிறாராம்.