அடைக்கலமேரியின் புறங்கை

அடைக்கலமேரிக்குக் கரண்ட் என்றால் பயம். இதைச் சொன்னால் ராயபுரத்தில் சிரிப்பார்கள், ஏனென்றால் அவள் பிழைப்பே அதில்தான். திருவொற்றியூரில் கரண்ட் மீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் காயில் சுற்றுகிற வேலை. தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று, அறாமல் சுற்றவேண்டும். அந்த ஷெட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் வீட்டில் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் முந்தானையில் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொள்வாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் அருள்நாதன், கப்பல் ரிப்பேர் எடுக்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் வயர்மேனாக இருந்தான். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. தொழில் பாடத்தையெல்லாம் வீட்டில் வந்து நடத்துவான்.

"எதைத் தொட்டாலும் மொத புறங்கையால தொடு மேரி. கரண்டு இருந்துச்சுனா கை தானா சுண்டிகினு வெளிய வந்துடும். உள்ளங்கையால தொட்டே, அவ்ளோதான். விரலு மடங்கி அதையே புடிச்சிக்கும், உடாது."

அறுபத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் நீள ஒயரில் எரிகிற கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒரு கப்பலின் அடித்தட்டில் இறங்கினான். தினமும் தூக்குகிற சொந்த விளக்கு, அதற்குப் போய் யார் புறங்கையை நீட்டிப் பார்ப்பார்கள்? உள்ளே எப்படியோ ஈரம் இறங்கியிருந்தது. உள்ளங்கையால் பிடித்தான். ஆளை மேலே தூக்கி வரும்போதும் விரல்கள் மூடியபடியே இருந்தன என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிள்ளை குட்டி கிடையாது. தாய் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கென்று மிஞ்சியது தம்பி சவரிநாதன் ஒருத்தன். அவனுக்கு வேறு ஒன்றும் வராது, கிடார் வரும். கோதண்டம் மாஸ்டரின் பாட்டுக் கச்சேரி பார்ட்டியில், கல்யாணம், திருவிழா என்று வாசித்துக்கொண்டிருந்தான்.

எழுபத்திரண்டில் அவனுக்கு ஒரு தொல்லை வந்தது. அவனுடைய கிடார் ஏதோ கப்பலில் வந்து பர்மா பஜாரில் இறங்கிய எலக்ட்ரிக் கிடார். தந்திகளுக்கு அடியில் ஓசையை வாங்கி, அதைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயர் மிஷினுக்கு அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், பிக்கப் என்பார்கள். இதில் இருந்த இரண்டு பிக்கப்பும் இரட்டைக் காயில் வைத்தவை. இரைச்சலே இருக்காது, ஆனால் ஓசை தடிப்பாக வரும். கோதண்டத்துக்கு அது ஆகவில்லை.

"ரெகார்டுல மணி மாரி தெறிக்குதுடா. உன்னுது இன்னா, கம்பளியப் போத்திகினு பேசுது?"

அந்தத் தெறிப்புக்கு ஒற்றைக் காயில் பிக்கப் வேண்டும். மவுண்ட் ரோடு கடைக்காரர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சவரி நேரே அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"கம்பி சுத்த உன்ன வுட்டா யாருக்கா கீறாங்க?"

முடியாது என்றாள். கரண்ட் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள்.

"கிடாருக்குள்ள ஏதுக்கா கரண்டு? காந்தமும் கம்பியும்தான்."

அது உண்மைதான், அவளுக்கும் தெரியும். பழைய பிக்கப்பைப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில், அடியில் ஒரு காந்தம். ஒரு காயிலின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும்படி எதிரும் புதிருமாக இணைத்திருந்தான் எவனோ வெள்ளைக்காரன். அட, கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். கிடாரில் ஓட்டையைப் பெரிதாக்கவேண்டாம் என்று அதே அளவுக்குச் சட்டம் வெட்டி, நடுவில் ஒரே காயில் வருகிற மாதிரி அமைத்தாள். மேஸ்திரியைக் கேட்டுக் கம்பெனியில் கழித்துப்போட்ட கம்பிச் சுருளை வாங்கி வந்தாள். தையல் மிஷின் சக்கரத்தில் பொருத்தி, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றினாள். ராயப்பர் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி, சுற்று அசையாமல் இருக்க அதில் முக்கி எடுத்தாள். இரண்டு பிக்கப்பும் நகைப்பெட்டியில் வைக்கலாம் போல வந்தன. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மாட்டுகிற அன்றைக்குத்தான் அந்த ஒயரைப் பார்த்தாள்.

கிடாரின் வயிற்றுக்குள் ஒரு மொட்டைச் செம்புக் கம்பி. ஒரு முனை, மிஷினுக்குப் போகிற ஒயரில் பற்றவைத்திருந்தது. மறுமுனை எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். தந்திகளைத் தாங்குகிற இரும்புக் கட்டைக்கு அடியில் போய் முடிந்தது. அப்படியென்றால் மிஷினில் என்ன வந்தாலும் அது நேரே தந்திக்கு வரும். சவரி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். கத்திரிக்கோலை எடுத்து அந்த ஒயரைச் சடக்கென்று வெட்டினாள், மூடியைப் போட்டுத் திருகினாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுந்துபோனாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. ஓசை மணி மாதிரிதான் தெறித்தது. கூடவே ஒரு இரைச்சலும் கிளம்பியது. ஒற்றைக் காயில் கொஞ்சம் இரையும் என்று கோதண்டத்துக்கும் தெரியும், ஆனால் இது காதைத் துளைத்தது.

"பாட்டு எங்கடா கீது? ஈ மொய்க்கிற சத்தம்தான் கீது. நாளைக்கு விம்கோ நகர்ல கல்யாணம். இதே பேஜாரா இருந்துச்சுனா வேற ஆள வெச்சிக்கிறேன். அப்பால நீ வரவேணாம்."

சவரி மூடியைக் கழற்றிப் பார்த்தான். வெட்டுப்பட்ட முனை பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவள் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஒயர வெட்னது நீதானே?"

"ஆமா."

"ஏன்க்கா?"

"மிஷின்ல லீக்காச்சுனா நேரா தந்தியில வந்து நிக்கும். நீ புறங்கையாலயாடா கிடாரு வாசிக்கிற? அமுக்கிப் புடிச்சிகினுதானே வாசிக்கிற."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். மாமா பெயர் அந்த வீட்டில் அதிகம் எடுக்கிற பெயர் இல்லை.

"அந்த ஒயரு மொதல்லேர்ந்தே இருந்துச்சுக்கா. இத்தினி நாளு செத்தா பூட்டேன்? இரைச்சல முழுங்குறதே அந்த ஒயருதான், அது இல்லேனா நாளையோட என் வாசிப்பே அவ்ளோதான். நீ பத்த வெக்காட்டி நானே வெச்சிக்கிறேன்."

இத்தனை நாளும் அப்படித்தான் வாசித்தானா என்பது அவளை இன்னும் கலக்கியது. இவன் பற்றவைத்தால் எதை எதோடு சேர்ப்பானோ என்ற பயம் வேறு. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். முடி மாதிரிக் கம்பியை அறாமல் சுற்றுகிற கை, அன்றைக்கு ஒரு சொட்டு ஈயத்தை ஒழுங்காக வைக்கமுடியாமல் மூன்று தடவை சிந்தியது. புருஷனைக் கொண்டுபோனதைத் தன் கையாலேயே தம்பிக்குக் கட்டிவிடுகிறோம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் பற்றவைத்தாள்.

"நாளைக்கு நானும் வருவேன். உன் கை படறதுக்கு முந்தி என் கைதான் படணும்."

"மேடையிலயா? மானம் பூடும்க்கா."

"போவட்டும்."

விம்கோ நகர் கல்யாணப் பந்தலில் மைக்செட்காரன் ஜெயவேல், பெண் வீட்டு பிளக்கில் மொட்டை ஒயர் இரண்டைச் சொருகி, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சி செருகியிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். மைக்குக்கு ஒரு மிஷின், கிடாருக்கு ஒரு மிஷின், இரண்டையும் போடச் சொன்னாள். செருப்பைக் கழற்றினாள், தம்பி வெறுங்காலோடுதானே நிற்பான். மேடையேறி நாற்காலியில் கிடந்த கிடாருக்கும் மைக்குக்கும் நடுவில் நின்றாள், வாசிக்கிறவன் உடம்பு இரண்டிலும் படும். மாப்பிள்ளை வீட்டுச் சனம் பாயசத்தை மறந்து பார்த்தது.

"இன்னாம்மா, தீட்சை குடுக்கப் போறியா?" என்றார் கோதண்டம்.

அவள் காதில் விழவில்லை. மாதாவே என்றாள். இடது புறங்கையை மைக் கம்பத்தில் வைத்தாள். வலது புறங்கையைத் தந்தியில் வைத்தாள்.

தூக்கி அடித்தது. கை தானாகச் சுண்டி வெளியே வந்துவிட்டது, அருள்நாதன் சொன்ன மாதிரியே. மைக் கம்பம் ஒரு பக்கம் சாய, அவள் டிரம்ஸ் மேல் போய் விழுந்தாள். பந்தலில் யாரோ விசில் அடித்தார்கள். சிரிப்பு கிளம்பி, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. தோள்வரை மரத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

ஜெயவேல் விழுந்தடித்து ஓடிப்போய்த் தீக்குச்சியைப் பிடுங்கி ஒயரை மாற்றிச் சொருகினான்.

"ஒயரு மாறிக்கீதும்மா. இப்ப தொட்டுப் பாரு, ஒண்ணியும் ஆவாது."

தொட்டுப் பாரு என்று சொல்ல ஆள் இருந்தது, தொட ஆள் வரவில்லை. "நான் தொடறேன்க்கா" என்று சவரி முன்னால் வந்தான். அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். முதல் தடவை எப்படி இருக்கும் என்று தெரியாத பயம். இப்போது கைக்கே தெரியும், வரமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து இழுக்கிற மாதிரிக் கொண்டுபோய் வைத்தாள்.

ஜில்லென்று இரும்பு. அவ்வளவுதான்.

"இப்ப எடுடா."

சவரி கிடாரைத் தூக்கவில்லை. முதலில் கையைத் திருப்பிப் புறங்கையால் தந்தியைத் தொட்டான். அதற்கு அப்புறம்தான் எடுத்துத் தோளில் மாட்டினான்.

அடுத்த ஏழு வருஷம், எர்ணாவூரிலிருந்து மாதவரம்வரை, அவன் வாசித்த கச்சேரி ஒவ்வொன்றிலும் முதல் கை அவளுடையதுதான். அவள் வருகிறாள் என்றாலே மைக்செட்காரர்கள் ஒயரை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள், கடைசிப் பாட்டு முடிகிறவரை அசையமாட்டாள்.

தம்பி வாசிப்பில் அத்தனை ஆசையா என்று ஒரு தடவை பெண் வீட்டு அம்மா ஒருத்தி கேட்டாள். எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும் என்றும் கேட்டாள்.

"பாட்டா?" என்றாள் அடைக்கலமேரி. "எங்க கேட்டேன்மா? அவன் கையத்தான் பாத்துகினு இருந்தேன்."