காளிமுத்து மெதுவாகத்தான் வருவார்

போன வாரம் கட்சால் தீவை ஒரே அழுத்தில் அழித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள். தீவு போர்ட் பிளேருக்குத் தெற்கே அங்கேயேதான் இருக்கிறது. நான் அழித்தது என் வெப்சைட்டை. சுனாமிக்கு முந்தைய கட்சால் – ரப்பர் தோட்டம், குடியிருப்புகள், கல்யாணங்கள், கோயில் திருவிழா – யார் யாரிடமோ கேட்டு வாங்கிச் சேர்த்த படங்கள்.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவன். இன்று போர்ட் பிளேரில் சொந்த ஹார்டுவேர் கடை. அறுபது வயதுக்கு மேல் சர்வர் வாடகைக்குப் பிடித்து, நானே சைட் கட்டினேன். டிகிரி வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது வரும்? சொல்லுங்கள்!

சர்வர் என்றால்... எங்கோ ஓர் ஊரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கிற கம்ப்யூட்டர். அதில் நமக்கென்று ஒரு மூலை. அதற்கு ‘கிளவுட்’, மேகம், என்று பெயர் வைத்தவன் என்னைப் போல ஒரு கனவுக்காரன்தான். மழை மாதங்களில் கடை வாசலில் நின்று பார்ப்பேன். கடலுக்கு மேல் மேகம் கறுத்துத் தாழ்ந்து வரும். அதற்குள்ளே கட்சால் இருக்கிறது, திருவிழா நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் லெட்சுமி அக்கா கடைக்கு வருவார். கட்சாலில் ரப்பர் பால் வெட்டியவர். இந்த ஊரில் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிடுகிற ஒரே ஆள். அலை அவர் கணவர் காளிமுத்துவைக் கொண்டுபோனது. வீட்டையும், வீட்டிலிருந்த படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தில், ஓரத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காளிமுத்து நிற்கிறார். அந்த ஒன்றுதான் மிச்சம். அது என் சைட்டில் இருந்தது.

பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். “காகிதம் வேணாம் தம்பி. காகிதத்த தண்ணி கொண்டு போயிரும்” என்றுவிட்டார்.

நம் தீவு நெட் உங்களுக்குத் தெரியாததா? படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். முதலில் வானம். பிறகு பந்தலில் கட்டிய தென்னங்கீற்று. பிறகு காளிமுத்துவின் தலைமுடி... நெற்றி... நான் மௌஸைத் தட்டுவேன். “விடுங்க தம்பி, வரட்டும்” என்பார் அக்கா. கண் வரும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வார்.

இப்படிப்பட்டதை ஏன் அழித்தேன்?

சுனாமிக்குப் பிறகு இங்கே யார் வீடு கட்டினாலும், நாம் முதலில் கேட்பது என்ன? ‘கடலிலிருந்து எத்தனை அடி உயரம்?’ என் சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. அதுவும் தீவு! கம்பெனிக்கு எழுதினேன் – உங்கள் மெஷின் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது? மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: இதுவரை யாரும் எங்களை இப்படிக் கேட்டதில்லை. வேண்டுமானால் பெங்களூரில் இடம் தருகிறோம்.

பெங்களூர்! மூவாயிரம் அடி! எந்த அலை ஏறும்?

புதன்கிழமை குடிமாறினேன். நம் ஊரில் குடிமாறுவது எப்படி? முதலில் பழைய வீட்டைப் பிரிப்போம். அதே தகரம், அதே மரம்தானே புது வீட்டுக்கு? அந்த ஞாபகத்தில் சிங்கப்பூரைப் பிரித்தேன். ‘அழிக்கவா?’ என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றேன்.

பெங்களூரில் போய்ப் பார்த்தால்... காலி மனை.

கடைக் கம்ப்யூட்டரிலும் பிரதி இல்லை. மேலே ஏற்றியதைக் கீழே வைப்பானேன், கீழே இருப்பதுதானே தண்ணீரில் போகும் என்று அவ்வப்போது துடைத்துவிடுவேன். படம் கொடுத்தவர் மெயின்லேண்டில் எங்கே இருக்கிறாரோ. அலை ஒரு முறை காளிமுத்துவைக் கொண்டுபோனது. இரண்டாம் முறை நான்.

இந்த ஞாயிறு கடையைப் பூட்டிவிடலாமா என்று யோசித்தேன். நானா இப்படி யோசித்தேன்? நானேதான்.

வெள்ளிக்கிழமை வடக்குக் கோடி திக்லிபூரிலிருந்து போன். ஜீப் ஓட்டுகிற முருகேசன், என் சைட்டின் வாசகர். பாதி இந்தியில்தான் பேசுவார்.

“அண்ணே, க்யா ஹுவா? சைட்டு பந்த்தா?”

சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு.

“அட, டென்ஷன் மத் லோ அண்ணே! உங்க சைட்டு தொறக்குறதுக்குள்ள நான் மாயாபந்தர் சவாரி போய்ட்டு வந்துருவேன். அதான் அப்பவே நெட் கஃபேல உக்காந்து பூரா போட்டோவையும் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்.”

“பூராவுமா?”

“பூரா. சப் கே சப்.”

சனிக்கிழமை காலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். காடு, ஜெட்டி, மறுபடி காடு என்று நாள் முழுக்கப் பயணம் செய்து, ஒரு தீப்பெட்டிக்குள் என் கட்சால் வந்து இறங்கியது.

ஞாயிறு. அக்கா வந்தார். பென்டிரைவைச் செருகித் தட்டினேன். பட்டென்று காளிமுத்து முழுசாக வந்து நின்றார். அக்கா நாற்காலியோடு பின்னால் போனார்.

“என்னா தம்பி இது... இப்புடித் திடுதிப்புன்னு?”

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத அந்தப் பெங்களூருக்கு ஏத்துவீங்கல்ல?”

“ஏத்தணும்க்கா. நேரமாகும்.”

“ஏத்துங்க. அங்கேருந்து வரட்டும். அவரு வேல முடிஞ்சி வந்தாலும் மெதுவாத்தான் வருவாரு. நான் இருக்கேன்.”

ஏற்றினேன். அந்த ஒரு படத்துக்கே இரண்டு டீ ஆனது. பிறகு சைட்டைத் திறந்தேன். வானம் வந்தது. கீற்று வந்தது. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடலுக்கு அடியில் கேபிள் போட்டு வேகமான நெட் கொண்டுவரப் போகிறார்களாம். கொண்டுவரட்டும்... என் கடைக்கு மட்டும் அவசரமில்லை.