கங்காணி வீட்டு மொய்

நேற்று தேயிலைத் தோட்டத்தில் வாங்கிய சம்பளத்தில் மிஞ்சியதை எல்லாம், எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் பட்ட கடனுக்குக் கட்டிவிட்டேன்.

இன்று அவர் மகளுக்குச் சடங்கு. போகாவிட்டால் நாளை கொழுந்தே இல்லாத மலைக்குப் பறிக்க என்னை அனுப்பி, கூலியில் கை வைப்பார். வெறுங்கையோடு போனேன்.

மொய் எழுதும் இடத்தில் அவரே நின்றார்.

"என்ன செல்லாயி, மொய் எழுதலயா?"

"நேத்துதானே எல்லாத்தையும் உங்ககிட்ட குடுத்தேன், கங்காணி."

"அது கடன், இது மொய். நீ வைக்காம போனா லயத்துல இருக்கிற அத்தனை வீடும் சிரிக்கும். இந்தா அஞ்சு ரூவா. அடுத்த சம்பளத்துல குடுத்துரு."

அவர் பையிலிருந்து என் கைக்கு வந்த ஐந்து ரூபாய், மறு நிமிடம் அவர் தட்டிலேயே விழுந்தது. என் கடன் மட்டும் ஐந்து ரூபாய் ஏறியது. "செல்லாயி அஞ்சு ரூவா!" என்று உரக்க வேறு படித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தியில் மூன்று முறை சோறு கேட்டு வாங்கித் தின்றும் ஆறவில்லை.

வாங்கிய மொய்யைத் திருப்பி வைப்பதுதானே வழக்கம்? விசேஷம் வைக்க என் வீட்டில் பிள்ளை இல்லை. ஆடு சினையாக இருக்கிறது. குட்டி போட்டதும் அதற்குக் காது குத்தப்போகிறேன். முதல் வெற்றிலை பாக்கு கங்காணிக்குத்தான்.

நீங்களும் வருவீர்கள்தானே?