மூன்றாவது பந்து

தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அவள் கிலுகிலுப்பையை வீசி மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள். நம்பாதவர்கள் அந்த விசிறியைப் போய்ப் பார்க்கலாம். இன்றைக்கும் அதன் ஒரு இறக்கை மட்டும் கோபித்துக்கொண்ட மாதிரிதான் சுற்றுகிறது. நடக்கத் தொடங்கியதும் கரண்டி, சீப்பு, செருப்பு, அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று கைக்கு எட்டியதெல்லாம் காற்றில் போயிற்று. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அவள் பள்ளிக்கூடம் சேரும்வரை மாடியில் குடை பிடித்துக்கொண்டுதான் பல் தேய்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘வீச்சு’.

எறிவதோடு நின்றிருந்தால் வால் முளைத்த பிள்ளை என்று விட்டுவிடலாம். இவள் எறிந்துவிட்டு, அது விழுகிற இடத்தை இமைக்காமல் பார்ப்பாள். கையை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் எங்கே விழும் என்று பார்க்க, மறுபடியும் எறிவாள். ஆறாவது வயதில் வாசலில் நின்றபடி எதிர்ச்சாரித் தபால் பெட்டிக்குள் எலுமிச்சம்பழங்களைப் போட்டாள். தபால்காரர் அவற்றை முகவரி இல்லாத கடிதங்களோடு சேர்த்துக் கட்டி எடுத்துப் போனார்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அம்மாவின் சலவைக்கடை. முன்னறையில் இஸ்திரி மேசையும் அக்காவும். நடுவறையில் சுவரோரமாகப் பெரிய துவைக்கும் இயந்திரங்கள். பின்னால், கொடிகள் கட்டிய நீளமான முற்றம். அப்பா பேருந்து ஓட்டுநர். வீட்டுக்குள் என்ன கலவரம் நடந்தாலும் “கொஞ்சம் ஓரமா போங்க” என்பதற்கு மேல் பேசமாட்டார்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி ஒன்று அறிவித்தார்கள். மாணவர்கள் தாங்களே செய்த இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும். அது களத்தில் ஓடி, தரையில் கிடக்கும் ஸ்பாஞ்சுப் பந்துகளை அள்ளி, ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் கூடைக்குள் எறிந்தால் பந்துக்கு ஐந்து புள்ளி. எறியத் துப்பில்லாத இயந்திரங்களுக்காகத் தரையோடு ஒரு பெட்டி. அதற்குள் தள்ளிவிட்டால் ஒரு புள்ளி. படித்த அன்று வீச்சுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரும்பு தின்னக் கூலியும் கொடுத்து, கூடையையும் தாங்களே வைக்கிறோம் என்றால் யாருக்குத்தான் இறங்கும்?

குழுவில் மூன்று பேர். தலைவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். சட்டைப் பொத்தான்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சட்டையையே போடுவான். நிரல் எழுதுகிறவன் ‘முணுமுணு’. கணினியோடு நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மனிதர்களோடு பேச வேண்டுமென்றால் அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எறிகிற பொறி வீச்சின் பொறுப்பு.

முதலில் சுருள்வில் வைத்த ஒரு கை செய்தாள். அது பந்தோடு சேர்ந்து தானும் பறந்துபோய் அக்காவின் இஸ்திரி மேசையில் இறங்கியது. “அடுத்த தடவை தூக்கி எறியும்போது சொல்லிட்டு எறி, நான் வாயைத் திறந்து வெச்சுக்கிறேன்” என்றாள் அக்கா. அப்புறம்தான் சக்கரம் வந்தது. ரப்பர் உறை போட்ட சக்கரம் ஒன்றை மோட்டார் வேகமாகச் சுற்றும். அதற்கு மேலே பிறை போல வளைந்த தகடு. இரண்டுக்கும் இடையே உள்ள சந்து பந்தைவிடச் சற்றுக் குறுகல். பந்தை உள்ளே விட்டால் சக்கரம் அதைக் கவ்வி, பிதுக்கி, தகட்டின் வளைவோடு இழுத்துக்கொண்டு போய் மேலே துப்பும். முதல்முறை துப்பியபோது வீச்சு முற்றத்தில் ஈரப் போர்வை ஒன்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அதை அம்மா மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

தகட்டை எவ்வளவு சாய்ப்பது, சக்கரத்தை எவ்வளவு விரட்டுவது என்று பிடிபடுவதற்குள் பந்துகளெல்லாம் மதிலைத் தாண்டிப் பின்பக்கக் கிடங்கின் தகரக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தன. கிடங்குக்காரர் வெளியூரில். மிஞ்சியது ஒரே ஒரு பந்து. அதை மூவரும் கண்ணே மணியே என்று வைத்துக்கொண்டார்கள். அலமாரி ஒன்றை முற்றத்துக் கோடிக்கு இழுத்து, அதன் தலைமேல் துணிக்கூடையை ஏற்றினார்கள். வீச்சு எறிவாள், முணுமுணு தொங்கும் விரிப்புகளுக்கு அடியில் குனிந்து போய், அலமாரியில் ஏறிப் பந்தை எடுத்து வருவான், அவள் மறுபடி எறிவாள். ஒரு வாரத்தில் எறிந்ததெல்லாம் விழுந்தது.

“என்னடி, ஒண்ணுகூடத் தப்பல? கூடையில காந்தம் கீந்தம் வெச்சிருக்கியா?” என்றாள் அக்கா.

“ஸ்பாஞ்சுக்கு ஏதுக்கா காந்தம்?”

“அப்போ கூடைதான் உனக்குப் பயந்து நகர்ந்து வந்து வாங்கிக்குது.”

நிதானம் மட்டும் முழுதாக நம்பவில்லை. இருக்கட்டும் என்று இயந்திரத்தின் முன்னால் ஒரு தள்ளுகோலையும் மாட்டி வைத்தான். எறிவது கைவிட்டால், பந்துகளைத் தரைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாமே.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பந்துகள் ஒரு பெட்டி வந்தது. பெரிய கூடத்தில், போட்டியில் இருப்பது போலவே கூடை நிறுத்தி, இயந்திரத்துக்குள் மூன்று பந்துகளை அடுக்கினார்கள். முதல் பந்து கூடைக்குள் போயிற்று. இரண்டாவது விளிம்பை முத்தமிட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றாவது, தாயைப் பிரிய மனமில்லாத பிள்ளை போல இயந்திரத்தின் காலடியிலேயே விழுந்தது.

மறுபடி செய்தார்கள். அதே வரிசை, அதே அழகு.

“புதுப் பந்துடா, வழுக்குது” என்றாள் வீச்சு.

“முதல் பந்தும் புதுசுதானே?” என்றான் நிதானம்.

அவன் கூடையைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான், பிறகுதான் அவளைப் பார்த்தான்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு. மூணு பந்து வரிசையா விழணும். விழலேன்னா எறியறதைக் கழட்டிடுவோம். தள்ளுகோல் போதும்.”

“அது ஒரு புள்ளிடா.”

“நிச்சயமான ஒரு புள்ளி.”

“தரையைப் பெருக்கறதுக்கா இவ்வளவு நாள் உழைச்சோம்? அதுக்கு ஒரு விளக்குமாறு வாங்கியிருக்கலாமே.”

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கோபப்பட்டால் சமாதானம் செய்யலாம். நியாயம் பேசுகிறவனை என்ன செய்வது?

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கே திரும்பினாள். முணுமுணுவும் கூடவே வந்தான். பழைய இடத்தில் வைத்து, பழைய பந்தை விட்டாள். விழுந்தது. முணுமுணு வழக்கம்போல விரிப்புகளுக்குள் புகுந்தான். பந்து திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பந்து போன கணத்தில் சக்கரத்தின் ரீங்காரம் சட்டென்று தாழ்ந்திருந்தது; இப்போது மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. முணுமுணு அலமாரியிலிருந்து இறங்கித் தலையில் ஒரு காலுறையோடு திரும்பி வந்தபோது அது பழைய சுருதிக்கு வந்து சேர்ந்திருந்தது.

“நீதான்டா” என்றாள்.

“நான் என்ன பண்ணேன்?”

“நீ நடந்து போயிட்டு வர்ற நேரத்துல சக்கரம் மூச்சு வாங்கிக்குது. ஒவ்வொரு பந்தும் வேகத்தைத் தின்னுட்டுப் போகுது. நம்மகிட்ட ஒரே பந்து இருந்ததால ஒரு வாரமா அது நமக்குத் தெரியவே இல்ல.”

முணுமுணு காலுறையை எடுத்துக் கொடியில் போட்டான். “ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல காத்திருக்கச் சொல்லி எழுதிடட்டுமா?”

“எவ்வளவு நேரம் காத்திருக்கும்?”

“நான் போயிட்டு வர்ற நேரம்.”

“அதுக்குள்ள ஆட்டத்தை முடிச்சு, விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க.”

உள்ளே அம்மா போர்வைகள் போட்ட இயந்திரத்தை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் அதன் தொட்டி தம் தம் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் காலியாக ஓடிய இயந்திரத்தை நிறுத்தினாள். அது சொன்ன பேச்சுக் கேட்டு அங்கேயே நின்றது. வீச்சு இரண்டு பாய்ச்சலில் உள்ளே வந்து கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்தாள். ஈரப் போர்வைகள் அத்தனையும் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துச் சுற்றின.

“என்னடி வெறிச்சுப் பாக்குற? நீ பார்த்தா துணி காயாது.”

“கனம் ஓரத்துல இருக்கும்மா.”

“எடுத்து வெளியே போடு, கனம் எங்க இருக்குன்னு உன் இடுப்புக்குத் தெரியும்.”

மறுநாள் காலையில் பள்ளிப் பட்டறை. தடித்த இரும்புக் குழாயின் முனையிலிருந்து ஒரு வளையத்தை அறுத்து, சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துப் போல்ட்டு முடுக்கினாள். மோட்டாரை ஓடவிட்டதும் இயந்திரம் மேசையில் நடக்க ஆரம்பித்தது. கீழே இறங்கி வீட்டுக்கே போயிருக்கும். நிதானம் வாலைப் பிடிப்பது போலக் கம்பியைப் பிடித்து நிறுத்தினான். வளையம் மயிரிழை அளவு மையம் தப்பியிருந்தது. கழற்றினாள், மாட்டினாள், ஓடவிட்டாள், அதிர்வில் பல் கிடுகிடுத்தது, மறுபடி கழற்றினாள். மதியத்துக்குப் பிறகு ஒருமுறை ஓடவிட்டபோது மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. முணுமுணு வாய்விட்டு, “ஹா” என்றான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப்பேச்சு.

கனத்த சக்கரம் வேகம் பிடிக்க நேரம் எடுத்தது; பிடித்த பிறகு எதற்கும் அசையவில்லை. சாயங்காலம் கூடத்தில் மூன்று பந்துகள் அடுக்கினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் ஒரே வழியில், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போவது போல உள்ளே போயின.

“இன்னொரு தடவை” என்றான் நிதானம்.

மறுபடியும் மூன்று. அவன் இன்னொரு தடவை என்று வாயெடுப்பதற்குள் அவள் இயந்திரத்தைத் தூக்கித் தராசில் வைத்தாள். போட்டியில் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. முள் அதைத் தாண்டிப் போய் நின்றது.

நிதானம் தராசைத் துடைத்தான். முள் நகரவில்லை. இயந்திரத்தைத் துடைத்தான். அப்போதும் நகரவில்லை. எதைக் கழற்றுவது? சட்டம், பேட்டரி, சக்கரம், ஓடும் கால்கள், எல்லாம் வேண்டியவை. கழற்றக்கூடியது ஒன்றுதான். தள்ளுகோலும் அதன் மோட்டாரும். அதைக் கழற்றினால், எறிவது கைவிட்ட பிறகு ஒரு புள்ளிகூட எடுக்க வழியில்லை.

வளையத்தைக் கழற்றச் சொல்வான் என்று வீச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாதாட நூறு வார்த்தை வைத்திருந்தாள். அவன் அதற்கு இடமே கொடுக்காமல் கருவிப் பெட்டியைத் திறந்தான். அவள் ஆர்வத்தில் திருப்புளியை நீட்ட, “நீ கழட்டாதே, திருகு தேஞ்சிடும்” என்று வாங்கி, தள்ளுகோலைத் தானே ஒவ்வொரு திருகாகக் கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான்.

போட்டி நாளன்று அரங்கத்தில் பேச்சு காதில் விழவில்லை. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தகுதிச் சுற்றுகளில் கூடையும் சக்கரமும் சம்பந்திகள் போலக் குலாவின. கடைசி நான்கு அணிக்குள் நுழைவதற்கான ஆட்டத்தில்தான் வினை வந்தது. எதிரணி இயந்திரம் குட்டையாக, கனமாக, முரட்டுப் பன்றி போல இருந்தது. அது இவர்களுடையதை முட்டி முட்டி மூலைக்குத் தள்ளி, ஓடும் சக்கரங்கள் ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிட்டது. ஓட்டுகிறவன் நிதானம்; முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. இயந்திரத்தின் வயிற்றில் மூன்று பந்துகள். புள்ளிப் பலகையில் எட்டுப் புள்ளி பின்னால். இரண்டு விழுந்தால் ஜெயம்.

“இவ்வளவு தூரத்துலேருந்து நாம எறிஞ்சதே இல்ல” என்றான் நிதானம்.

“வேகத்தை ஏத்துறேன்.”

“எவ்வளவு ஏத்துவே?”

“தெரியாது. எறியட்டுமா?”

மணி அடிக்கச் சொற்ப நேரம்தான் இருந்தது. பொத்தான் எண்ணுகிறவன் கூடையை ஒருமுறை பார்த்தான்.

“எறி.”

முதல் பந்து கூடைக்கு மேலே சவாரி போய்ப் பின்சுவரில் மோதியது. வீச்சு வேகத்தைக் குறைக்கக் குமிழைத் திருகினாள். இரும்பு வளையமோ குறைவேனா என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“குறைய மாட்டேங்குதுடா.”

“குறையணும்னு நிக்காதே. விட்டுக்கிட்டே இரு. பந்து கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கொண்டுபோகும்” என்றான் நிதானம்.

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்டாள். இரண்டாவது பந்து பின் விளிம்பில் அறைந்து, என்ன செய்யலாம் என்று யோசித்து, உள்ளே குதித்தது. அதே மூச்சில் மூன்றாவதையும் விட்டாள். அது கிளம்பியதும் மணி அடித்தது. மணிக்கு முன்னால் கிளம்பிய பந்துக்குக் கணக்கு உண்டு. ஆகவே அரங்கத்தில் இருந்த அத்தனை முகங்களும் அந்த ஒற்றைப் பந்தோடு சேர்ந்து மேலே போய்க் கீழே இறங்கின. விளிம்பைத் தொடவே இல்லை. நேராக, கூடையின் நடுவில் விழுந்தது.

முணுமுணு யாரென்றே தெரியாத இரண்டு பேரைக் கட்டிக்கொண்டான். வீச்சு கத்தினாளா என்று அவளுக்கே நினைவில்லை. தொண்டை கட்டியிருந்ததால் கத்தியிருக்க வேண்டும். பார்வையாளர் வரிசையில் அப்பா எழுந்து நின்று, முன்னால் நின்றவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓரமாகப் போகத்தான் சொல்லியிருப்பார்.

அரையிறுதிக்கு உடனே கூப்பிட்டார்கள். பேட்டரி மாற்ற வேண்டும். நிதானம் இணைப்பைச் செருகப் போனான். பாதியில் நிறுத்தி அவள் பக்கம் திரும்பினான்.

“நீயே போட்டுடு” என்று நீட்டினான்.

அவள் செருகினாள். சக்கரம் மெதுவாகச் சுற்றத் தொடங்கி, இழுத்து, ஏறி, ரீங்காரம் பிடித்தது.

“அடுத்த ஆட்டத்துல எங்கேருந்து எறியப் போற?” என்று கேட்டான்.

“அவங்க எங்க தள்ளிவிடுறாங்களோ அங்கேருந்து” என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை அவன் தூக்கினான்.