பனியில்லாத புல்தரை

அற்புதசாமி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் அளவுக்கருவிகளைச் சரிபார்த்தவர். யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும், எதில் அளந்தது, யார் அளந்தது என்று விசாரிப்பார்.

கனடாவிலிருக்கும் தம்பி ஜோஸ், பூமி சூடாவது பொய் என்று ஒரு விஞ்ஞானி பேசும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். அற்புதசாமி அது யாரென்று தேடிப் பார்த்து எழுதினார்: "அவர் பல் டாக்டர்டா."

"உங்ககிட்ட பேசவே சர்டிபிகேட் வேணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு ஜோஸ் குழுவிலிருந்து விலகினான்.

எட்டு மாதம் பேச்சில்லை. பொய்யாக இருந்தாலும் எதையாவது அனுப்பமாட்டானா என்றிருந்தது அற்புதசாமிக்கு. டிசம்பரில் இவரே கேட்டார்: "அங்க பனி பெய்யுதாடா?"

வெறும் புல்தரையின் படம் வந்தது. "இன்னும் இல்லண்ணே. நீங்க சொன்னதுதான் சரி போல."

ஒரு வருடம் பனி பெய்யாதது எதற்கும் ஆதாரமில்லை என்று தட்டியதை அழித்துவிட்டு, "எப்ப வர்றே?" என்று எழுதினார்.