ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு சிவப்புக் காற்சட்டை

கீழ்வீட்டு அண்ணன் காலையில் என்னைப் பார்த்ததும் "பசியாறியாச்சா தம்பி?" என்பார். எங்கள் துறையூரில் டிபன் சாப்பிடுவோம். பசியாறுவதெல்லாம் பாடப்புத்தகத்து வழிப்போக்கர்கள் செய்கிற காரியம். கடல்தாண்டி இந்த மலாய் மண்ணில் புக்கிட் மெர்தாஜாமுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகளாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு நொடி தயங்கித்தான் "ஆச்சுண்ணே" என்கிறேன். அவரோ அடுத்த மூச்சிலேயே, "கெரேத்தாவ பாசார்கிட்ட போட்டுட்டு வந்தேன் லா" என்பார். காரைச் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். ஒரே மனிதருக்குள் என் தாத்தா காலத்துத் தமிழும் எனக்கு அரைகுறையாகவே தெரிந்த மலாயும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

எங்கள் வீட்டுக்குள்தான் அப்படி ஒரு சமாதானம் இல்லை. நான் பாலத்துக்கு அப்பால், தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியுமுன் கம்பெனி பஸ் வரும், திரும்பும்போது இருட்டியிருக்கும். மனைவி வனிதாவுக்கு இரண்டரை வயது மகள் இனியாவும் நாலு சுவர்களும்தான் துணை. ஊரில் அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு பேசிய வாய். இங்கே வந்தபின், சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைக்குச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்டிவிடுவாள். பிறகு அதுவும் குறைந்தது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "தீபாவளிக்கு ஊருக்குப் போனா நானும் பாப்பாவும் அங்கயே இருந்துக்கறோம்" என்றாள். சண்டையாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் முடிவாகச் சொன்னாள்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுன் போனோம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தீவின் அந்தப் பழைய நகரத்தை நான் கம்பெனி பஸ் போகும் பாலத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவர்கள் ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. கடலைப் பார்த்ததும் இனியா, "அப்பா, பெரிய தொட்டி!" என்றாள். மாரியம்மன் கோவிலில் கும்பிட்டோம். தெருவில் மல்லிகைச் சரமும், உரக்க ஒலித்த சினிமாப் பாட்டும், புடவைக் கடை வாசல் பொம்மைகளும். வனிதா ஒரு கடை முன்னால் நின்று, "திருச்சி பெரிய கடை வீதி மாதிரியே இருக்குல்ல" என்றாள். இரண்டு மூன்று கடை தாண்டியதும் பள்ளிவாசல், அதற்கப்பால் ஊதுவத்திப் புகை மண்டிய சீனக் கோவில். அவள் இனியாவின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

மதியத்துக்கு மேல் படகுத்துறை வீடுகளுக்குப் போனோம். கடலுக்குள் கால்களை நட்டு, மேலே பலகை பரப்பி, சீனக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. நடுவில் பலகைப் பாதை; இருபுறமும் வீடுகள்; சில வீட்டு வாசல்களில் சின்னக் கடைகள். பலகை இடுக்கில் தண்ணீர் தெரிந்தது. நான் இனியாவின் தள்ளுவண்டியை மடக்கப் போராடிக்கொண்டிருந்தேன். வனிதா ஒரு கடையில் குழந்தைக்குத் தொப்பி பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி மடங்கியதும் நிமிர்ந்து, "பாப்பாவுக்குத் தொப்பி சரியா இருக்கா?" என்றேன்.

"பாப்பா உங்ககிட்டதானே இருந்தா?" என்றாள் அவள்.

நான் சுற்றிலும் பார்த்தேன். சுற்றுலா வந்தவர்களின் கால்கள், குடைகள், செல்ஃபிக் கம்புகள். இனியாவின் மஞ்சள் கவுன் எங்கும் இல்லை. வனிதா பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே பாதையின் முனைக்கு ஓடினாள். அங்கே தடுப்பு எதுவுமில்லை, கடல்தான். நான் பலகையில் குப்புறப் படுத்து இடுக்குகள் வழியே கீழே பார்த்தேன். கலங்கிய தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. அது மஞ்சளாக இருந்தது. அது பைதான் என்று தெரிவதற்குள் நான் ஒருமுறை செத்துப் பிழைத்தேன்.

"என்னா தம்பி? என்னா ஆச்சு?" தமிழ்க் குரல். கையில் முறுக்குப் பொட்டலங்கள் நிறைந்த பையோடு ஒரு பெண் குனிந்து நின்றார். டத்தோ கிராமாட்டிலிருந்து முறுக்கு சுட்டுவந்து இந்தக் கடைகளுக்குப் போடுகிறவர், பெயர் சரோஜா என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "பொண்ணு... ரெண்டரை வயசு... மஞ்சள் கவுன்" என்று உளறினேன்.

"எந்திரிங்க. பயப்படாதீங்க லா. இங்க எல்லாம் வீட்டு ஆளுங்கதான்."

பையை என் கையில் திணித்துவிட்டு அவர் பாதையின் நடுவில் நின்று குரல் கொடுத்தார். ஒரு தமிழ்ப் பெண்ணின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சீனம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வீடுகளுக்குள்ளிருந்து தலைகள் நீண்டன. ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குக் கத்தினார், அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கோ ஒரு வீட்டிலிருந்து பதில் வந்ததும் சரோஜா அக்கா சிரித்தார். "இருக்கு! பூனை பின்னாடியே போயிடுச்சாம். வாங்க!"

பலகைத் தரை போட்ட முன்கூடம். சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில் இனியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூனை. எதிரே ஐம்பது வயதிருக்கும் ஒரு சீன அம்மா குவளையோடு குந்தியிருந்தார். வனிதா பாய்ந்துபோய்க் குழந்தையை அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, மூச்சுதான் வாங்கியது.

சீன அம்மா கவலையோடு ஏதோ சொல்ல, சரோஜா அக்கா எங்களிடம் திரும்பினார். "புள்ள வந்ததுலேருந்து பாலு பாலுன்னு கேட்டுச்சாம். சின்ன கப்புல மூணு தடவ கொடுத்துட்டாங்களாம். இன்னும் கேக்குதாம். வீட்டுல பாலே கொடுக்க மாட்டீங்களான்னு கேக்குறாங்க."

"பாலா? அவ பாலே குடிக்க மாட்டாளே" என்றாள் வனிதா.

இனியா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பரிதாபமாக, "சூசூ" என்றாள்.

"ஹா, சூசூ!" என்று சீன அம்மா மறுபடி குவளையை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலாயில் சூசூ என்றால் பால். எங்கள் வீட்டுச் சூசூ வேறு. "அக்கா, அது பாலில்ல..." என்று நான் தொடங்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வனிதாவின் சுடிதாரும் மஞ்சள் கவுனும் நனைந்து, மிச்சம் பலகை இடுக்கு வழியாகக் கடலில் போய்ச் சேர்ந்தது. சரோஜா அக்கா விஷயத்தைச் சீனத்தில் சொன்னதும் அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் கூடியிருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். அப்போதுதான் வனிதாவுக்கு அழுகை வந்தது. அந்த அம்மா அவள் முதுகைத் தடவி, "தா அப்பா, தா அப்பா" என்றார்.

வனிதா கண்ணீரோடு என்னைப் பார்த்தாள். "அப்பாவைத் திட்டுறாங்களா?"

"இல்ல. பரவாயில்லைன்னு சொல்றாங்க."

"திட்டட்டும்" என்றாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வீட்டுக் குளியலறையில்தான் இனியாவைக் கழுவினோம். அந்த அம்மா ஒரு பெட்டியைக் கிளறி, சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சிவப்புக் காற்சட்டை ஒன்றை எடுத்துவந்தார். தங்க நிற மீன் போட்டது. திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம் என்றோம். அவர் கையை வீசி மறுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சரோஜா அக்காவிடம் ஏதோ சொன்னார். "காற்சட்டை வேணாமாம். புள்ளய மட்டும் மறுபடி கூட்டிட்டு வரணுமாம்" என்றார் அக்கா. "எனக்கும் சொல்லுங்க. நானும் வந்துர்றேன்."

வழியில் பார்த்த தேவாலயத்தின் பெயரும் கோட்டையின் வரலாறும் எனக்கு மறந்துவிட்டன. அன்று நாங்கள் பார்த்த ஜார்ஜ் டவுன், ஒரு குழந்தைக்காக வாசல்வாசலாகக் கைமாறிப் போன அந்தக் குரல்தான். நன்றி என்ற சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் போதாது என்று தோன்றியது.

திரும்பும் ஃபெர்ரியில் வனிதாவின் அம்மா வீடியோவில் அழைத்தார். அங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. பேத்தியைப் பார்த்ததும், "என்னடி இது, செக்கச் செவேல்னு? யாரு குடுத்த டிரஸ்?" என்றார்.

"இங்க ஒருத்தங்க குடுத்தாங்கம்மா. ரொம்ப வேண்டியவங்க."

"நம்ம ஆளுங்களா?"

இனியா காற்சட்டையின் மீனைக் காட்டிப் பாட்டியிடம் ஏதோ பேசினாள்.

"ஆமாம்மா. நம்ம ஆளுங்கதான்."

"எந்த ஊராம்?"

பதிலுக்கு வனிதா வாயெடுக்கும்போது நடுக்கடலில் சிக்னல் போய்விட்டது. கேட்ட வாய் கேட்டபடியே, துறையூர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் முன்னால் அத்தை முகம் திரையில் உறைந்து நின்றது. வனிதா அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஒரு கையில் அந்த முகத்தைப் பிடித்தபடி, விலகிப்போகும் படகுத்துறைக் கூரைகளில் அந்த வீடு எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.