முன்வரிசைச் சிரிப்பு

புரட்டாசியில் வரும் கோயில் பொங்கலுக்கு எங்கள் ஊரில் வருடாவருடம் ஒரே நாடகம்தான். தலைத்தீபாவளிக்கு ஒரே வீட்டில் வந்து மாட்டிக்கொள்ளும் இரண்டு மருமகன்களின் கதை. வசனம் ஊருக்கே மனப்பாடம். நடிப்பவர் மறந்தால் கீழே இருந்து யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். தெரிந்த இடத்தில் தெரிந்தபடி சிரிப்பார்கள். முதலில் சிரிப்பது அய்யம்மாள்.

அவருடைய சிரிப்பு குடத்தைக் கவிழ்த்ததுபோல ஒரேயடியாக வரும். அது வந்துவிட்டால் கூட்டம் பின்னாலேயே வந்துவிடும். அதனால் நாடகக் குழுவை நடத்தும் கோட்டைச்சாமி முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் கையால் போட்டு, அதில் வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வார்.

போன வருடம் வைகாசியில், சாத்தூர் ரோட்டில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் அய்யம்மாளின் மகள் பானுப்பிரியா வேலை பார்த்த அறை வெடித்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. அய்யம்மாளின் கணவர் அதற்கு முன்பே நோயில் போய்விட்டார். அய்யம்மாளும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, காலண்டர் தாளின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலைக்கு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். நேரத்துக்கு வருவார். மத்தியானம் சாப்பிடுவார். கேட்டால் பதில் சொல்வார். அழுது யாரும் பார்க்கவில்லை.

அந்த வருட நாடகத்துக்கு அவர் வரவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. ஜனம் ரேஷன் கடையில் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனது. கோயில் கமிட்டித் தலைவர் கருத்தப்பாண்டி, இன்னொரு தடவை இப்படி ஆனால் நாடகம் கிடையாது, பாட்டுக் கச்சேரிதான் என்று சொல்லிவிட்டார்.

கோட்டைச்சாமி அதே அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். இந்த வருடம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அய்யம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"மதினி, இந்த வருசம் வந்துருங்க."

"வந்து?"

"வந்து உக்காருங்க. சிரிப்பு வந்தாச் சிரிங்க."

"வராது."

கோட்டைச்சாமி கையில் இருந்த தாளை அடுக்கினார். "ரெண்டாவது மருமகனா வேசம் கட்டி நான் வடை சுடுதேன்னு அடுப்படிய வெடிக்க வச்சிட்டு, கரிமூஞ்சியோட வெளிய வருவேம்லா? அந்த ஒரு எடத்துல மட்டும். நீங்க ஆரம்பிச்சாத்தான் சனம் ஆரம்பிக்கும்."

"ஊரு என்ன சொல்லும்?"

பக்கத்தில் தகரம் அடித்துக்கொண்டிருந்த பாண்டிமீனா நிமிர்ந்தாள். "என்னத்தச் சொல்லும்? இவுக மூஞ்சிக்குக் கரி பூசாமலே சிரிப்பு வரும்."

"ஏளா, நீ கண்ணாடி பாத்து எம்புட்டு நாளாச்சு?" என்றார் கோட்டைச்சாமி.

அய்யம்மாள் இன்னொரு தகரத்தை வைத்து அடித்தார். "சரி. கரிமூஞ்சிக்குச் சிரிக்கேன்" என்றார். ஒரு ஆர்டரை ஒப்புக்கொள்வதுபோலத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். தீபாவளி சீசன் என்பதால் பல பட்டாசுக் கம்பெனிகள் அன்றும் ஓடின. பாதி வீடுகளில் ஒருவராவது வேலைக்குப் போயிருந்தார். அய்யம்மாள் துவைத்த சேலை கட்டி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் அங்கங்கே சிரிப்பு எழும்பும். உடனே நாலு பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அது அடங்கிவிடும். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படி வெடிக்கும் காட்சிக்கு, குழுவில் இருக்கும் சங்கையா மேடைக்குப் பின்னால் நின்று தகர டிரம்மில் இரும்புக் கம்பியால் அடிப்பதுதான் வழக்கம். இந்த வருடம் எடுப்பாக இருக்கட்டும் என்று கோட்டைச்சாமி பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, பதிவு செய்த சத்தம் ஒன்றை ஏற்றி வைத்திருந்தார். வெடிச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆனால் காதில் கேட்கும் சத்தம் வேறு, காலுக்கடியில் வரும் சத்தம் வேறு. அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தது, கம்பெனி அறை வெடித்தால் வருவதுபோலக் காலுக்கடியில் வந்தது.

மொத்தக் கூட்டமும் எழுந்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பெனிகள் இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பிப் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர்களையும் வாட்ச்மேன்களையும் கூப்பிட்டார்கள். "எடுல, எடு" என்று ஒருவர் போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அய்யம்மாள் எழவில்லை.

"யக்கா, எந்திரிங்க!" என்றாள் பாண்டிமீனா, போனைக் காதிலிருந்து எடுக்காமல். அவள் புருஷன் முனியராஜ் அன்று வேலைக்குப் போயிருந்தான்.

"எனக்கு அங்கன யாரு இருக்கா?"

கீழே நடந்தது திரைக்குப் பின்னால் தெரியாது. கோட்டைச்சாமி வழக்கம்போல மூன்று எண்ணிவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கரி, கிழிந்து தொங்கும் சட்டை, பின்னால் சாம்பிராணிப் புகை. எதிரே முழுக்க முதுகுகள். தன்னைப் பார்த்து இருந்தது ஒரே ஒரு முகம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவசரமாக முகத்தைத் துடைத்தார். கரி காது வரைக்கும் இழுபட்டது.

அய்யம்மாள் சிரித்தார். முந்தைய வருடங்களில் இருந்த அதே சத்தம், அதே நீளம். வாய் மட்டும் திறந்திருந்தது, முகத்தில் வேறெதுவும் அசையவில்லை.

"எடுத்துட்டாரு! ஒண்ணுமில்லயாம்!" என்று போனோடு நின்ற ஒருவர் கத்தினார்.

"ஏப்பா, இது ரேடியோ செட்டுச் சத்தம்லா!"

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அய்யம்மாளின் சிரிப்பு காதில் விழுந்தது. மேடையில் கோட்டைச்சாமி துண்டும் கையுமாக நின்றார். அதற்குப் பிறகு வந்த சிரிப்பு போல அந்தத் திடலில் ஒருநாளும் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஏலே கோட்டை, ஒன்னயச் செருப்பக் கழத்தி அடிக்கணும்லே!" என்று ஒரு கிழவர் கத்தினார், அதற்கும் சிரித்தார்கள். கருத்தப்பாண்டி மைக்கைப் பிடுங்கி, அடுத்த வருடமும் இதே நாடகம்தான் என்று அறிவித்தார்.

முடிந்ததும் கோட்டைச்சாமி முகம் கழுவாமலே அய்யம்மாளிடம் வந்தார்.

"மதினி, அந்தச் சத்தம்... நான் யோசிக்கல மதினி."

"சொன்ன எடத்துல சிரிச்சேம்லா?"

"சிரிச்சீக."

"பொறவென்ன. நாளைக்குத் தாளக் காலையிலயே வெட்டி அனுப்பு. நேத்து பத்து மணி வரைக்கும் சும்மா உக்காந்திருந்தோம்."

அய்யம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மற்ற நாற்காலிகளின் மேல் அடுக்கினார். திடலில் பலர் இன்னும் வேன் டிரைவர்களிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், வேலை முடிந்து வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும், கூட்டிப்போக எங்கே வந்து நிற்க வேண்டும் என்று, தினமும் தெரிந்ததையே. அவர் அவர்களிடம் வழி விடச் சொல்லிக் கேட்டு, நடுவே புகுந்து வீட்டுக்கு நடந்தார்.